வளரிளம் பருவத்தினரின் அன்றாடப் பழக்கங்களும் தற்கொலை இடரும்: வடசென்னைத் தொழிற்பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வளரிளம் பருவத்தினரிடையே நிகழும் தற்கொலைகளைத் தேர்வுத் தோல்வி, காதல் முறிவு, குடும்பச் சச்சரவு போன்ற உடனடிக் காரணங்களோடு மட்டும் இணைத்துப் பேசும் வழக்கம் நிலவுகிறது. உறக்கம், விளையாட்டு, திறன்பேசிப் பயன்பாடு, உணவு, போதைப்பொருள் ஆகிய அன்றாடப் பழக்கங்கள் தற்கொலை எண்ணத்தோடும் முயற்சியோடும் தொடர்புடையவை என்பதைக் கடந்த இருபதாண்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அம்முடிவுகளைத் தொகுத்து விளக்கும் இக்கட்டுரை, வடசென்னைத் தொழிற்பகுதியில் அமைந்த சடையங்குப்பம் போன்ற வாழிடங்களில் அவற்றை எவ்வாறு பொருள்கொள்வது என ஆராய்கிறது. பழக்கத்தைத் தனிமனிதக் குற்றமாகக் காணாமல், வாழிடமும் வருவாயும் பால்நிலையும் சேர்ந்து உருவாக்கும் ஒன்றாகவும், துயரத்தை வெளிக்காட்டும் அறிகுறியாகவும் கொள்ள வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச் சொற்கள்: வளரிளம் பருவம், தற்கொலை இடர், வாழ்க்கைமுறை, உறக்கம், திறன்பேசி, வடசென்னை, பள்ளி மனநலம்.

1. முன்னுரை

பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என உலக நல நிறுவனம் வரையறுக்கிறது. உலக அளவில் 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,27,000 பேர் தற்கொலையால் உயிரிழந்தனர் என்பதும், 15 முதல் 29 வயது வரையிலானோரின் இறப்புக் காரணங்களுள் தற்கொலை மூன்றாம் இடம் பெறுகிறது என்பதும் அந்நிறுவனத்தின் கணக்கு. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் 1,70,924 தற்கொலைகள் பதிவாயின எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தெரிவிக்கிறது. அவர்களுள் 13,044 பேர் மாணவர்கள். அவ்வாண்டில் தமிழ்நாட்டில் பதிவான தற்கொலைகள் 19,834. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு இந்தியச் சராசரி 12.4 ஆக இருக்க, தமிழ்நாட்டின் வீதம் 25.9 ஆக இருந்தது. மாணவர் தற்கொலைகளில் மகாராட்டிரத்திற்கு (1,764) அடுத்த நிலையில் தமிழ்நாடு (1,416) இருந்தது.

இப்புள்ளிவிவரங்கள் காவல்துறைப் பதிவுகளிலிருந்து திரட்டப்படுபவை. ஒவ்வோர் இறப்பிற்கும் அங்கு ஒரு காரணம் குறிக்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாடு முழுவதும் அனைத்து வயதினரிலும் 31.7 விழுக்காட்டு இறப்புகளுக்குக் குடும்பப் பிரச்சினைகளும், 18.4 விழுக்காட்டு இறப்புகளுக்கு நோயும் காரணங்களாகக் காட்டப்பட்டன. ஒற்றைச் சொல்லில் அடங்கும் இக்காரணம் இறப்பிற்கு முந்தைய நாளையோ முந்தைய மணிநேரத்தையோ சுட்டுகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் அந்த மாணவர் எத்தனை மணிக்கு உறங்கினார், எப்போது விளையாட்டை விட்டார், யாரோடு பேசுவதை நிறுத்தினார் என்பவை அப்பதிவில் இடம்பெறுவதில்லை. தடுப்பு என்பது அம்மாதங்களில்தான் இயலும். ஆகவே அன்றாடப் பழக்கங்கள் தனி ஆய்வுக்குரியனவாகின்றன.

2. சொற்பொருள் வரையறை

வாழ்க்கைமுறை என்னும் சொல் இன்று உடல்நலம் சார்ந்த பழக்கங்களைக் குறிக்கப் பெரிதும் பயன்படுகிறது. உளவியலில் அதனை ஒரு கருத்தாக்கமாக வளர்த்தவர் ஆல்பிரட் ஆட்லர். ஒருவர் தம் சூழலை எதிர்கொள்ளும் ஒட்டுமொத்தப் பாங்கினையே அவர் அச்சொல்லால் குறித்தார். மாணவர் தற்கொலை குறித்து 1910ஆம் ஆண்டில் வியன்னா உளப்பகுப்பாய்வுக் கழகம் நடத்திய கலந்துரையாடலில் பிராய்டுடன் ஆட்லரும் பங்கேற்றார். பள்ளிதான் மாணவரைச் சாவுக்குத் தள்ளுகிறதா என்னும் வினா ஒரு நூற்றாண்டிற்கு முன்பே அங்கு விவாதிக்கப்பட்டது. அதற்கும் முன்னதாக, 1897இல் வெளியான தம் நூலில், தற்கொலையைத் தனிமனித மனத்திற்கு அப்பால் சமூகப் பிணைப்பின் அளவோடு தொடர்புபடுத்தி எமில் துர்கைம் விளக்கினார். பழக்கங்களைப் பற்றிய இன்றைய ஆய்வுகள் இவ்விரு மரபுகளுக்கும் இடையில் நிற்கின்றன. பழக்கம் தனிமனிதரிடம் வெளிப்படுகிறது. ஆனால் சமூகத்தில் உருவாகிறது.

தற்கொலை எண்ணம், தற்கொலை முயற்சி, தற்கொலையால் இறப்பு ஆகிய மூன்றும் வேறுபட்டவை. எண்ணம் கொள்வோர் பலர். முயல்வோர் அவர்களுள் சிலர். இறப்போர் அதனினும் மிகச் சிலர். பழக்கங்கள் குறித்த ஆய்வுகளில் பெரும்பான்மையானவை முதல் இரண்டையே அளக்கின்றன. மேலும், இடர்க்காரணி என்பது வேறு, காரணம் என்பது வேறு. ஓர் இடர்க்காரணி உள்ள குழுவில் நிகழ்வு மிகுதியாகக் காணப்படலாம். அக்குழுவிலுள்ள ஒவ்வொருவருக்கும் அது நேரும் என்பது பொருளன்று.

3. தமிழகச் சான்று: காணியம்பாடி ஆய்வு

தமிழகத்தில் இப்பருவத்தினரின் தற்கொலை குறித்த முதன்மையான சான்று வேலூரை அடுத்த காணியம்பாடி ஒன்றியத்திலிருந்து கிடைத்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத்துறை, ஏறத்தாழ 1,08,000 மக்கள் வாழும் அவ்வொன்றியத்தில் நிகழும் ஒவ்வோர் இறப்பையும் நலப்பணியாளர்கள் வழியாகப் பதிவுசெய்து, குடும்பத்தினரிடம் கேட்டறிந்து அதன் காரணத்தை உறுதிசெய்து வந்தது. 1992 முதல் 2001 வரையிலான பத்தாண்டுத் தரவுகளை ஆராய்ந்த கட்டுரை 2004ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியாயிற்று. 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் சராசரித் தற்கொலை வீதம் ஒரு லட்சத்திற்குப் பெண்களிடையே 148, ஆண்களிடையே 58 என அது காட்டியது. அவ்வயதுப் பெண்களின் இறப்புகளில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தற்கொலையால் நேர்ந்தவை.

இம்முடிவு இரு செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, வீடுதோறும் சென்று விசாரித்துப் பெறும் எண்ணிக்கை, காவல்துறைப் பதிவுகள் காட்டும் அளவைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்கக்கூடும். இரண்டாவது, மேலைநாடுகளில் இளைஞர் தற்கொலை பெரும்பாலும் ஆண்களின் சிக்கலாகவே பேசப்படுகையில், இங்கு வளரிளம் பெண்களே பேரிடருக்கு உள்ளாகியிருந்தனர். இந்தியா முழுவதும் 2001 முதல் 2003 வரை நிகழ்ந்த இறப்புகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வும், பெண்களின் தற்கொலைகளில் 56 விழுக்காடு 15 முதல் 29 வயதுக்குள் நிகழ்வதாகவும், தென்மாநிலங்களில் தற்கொலை வீதம் மிகுந்திருப்பதாகவும் கண்டது. எனவே மேலைநாட்டு முடிவுகளை அப்படியே இங்குப் பொருத்திவிட இயலாது.

4. வாழிடச் சூழல்: சடையங்குப்பம்

சடையங்குப்பம் மணலிக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்துள்ளது. ஊராட்சியாக இருந்த இவ்வூர் 2011ஆம் ஆண்டில் பெருநகரச் சென்னை மாநகராட்சியின் மணலி மண்டலத்துடன் இணைக்கப்பட்டது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறிய பர்மா நகர் இங்குள்ளது. 1969இல் உற்பத்தியைத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையைச் சுற்றி உர ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் பெருகியதால் மணலி தொழிற்பகுதியாயிற்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் மணலி 76.32 மதிப்பெண்ணுடன் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்றது.

கொசத்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் அருகிலிருப்பதால், பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து உபரிநீர் திறக்கப்படும் காலங்களில் சடையங்குப்பம் வெள்ளத்தில் சூழப்படுகிறது. 2015, 2021, 2023ஆம் ஆண்டுகளின் வெள்ளங்கள் அண்மைக்கால எடுத்துக்காட்டுகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அம்மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து வீடுகளைவிட்டு வெளியேறினர்.

மூன்று பணிமுறைகளில் இயங்கும் ஆலைகள், துறைமுகம் நோக்கி இரவெல்லாம் செல்லும் சரக்குப் பெட்டக லாரிகள், ஒப்பந்தக் கூலி, ஓரறை அல்லது ஈரறை வீடுகள், மழைக்காலந்தோறும் வெள்ள அச்சம் ஆகியவை இப்பகுதியின் அன்றாடத்தை உருவாக்குகின்றன. இங்கு வளரும் ஒருவரின் பழக்கங்களை இவற்றிலிருந்து பிரித்துக் காண்பது பொருந்தாது.

5. கண்ணுக்குப் புலப்படாத இடர்

ஐரோப்பாவின் 11 நாடுகளில் சராசரி 15 வயதுடைய 12,395 மாணவர்களிடம் நடத்தப்பட்ட சீல் ஆய்வு, பழக்கங்களுக்கும் தற்கொலை இடருக்கும் உள்ள தொடர்பை விளக்கும் முதன்மையான ஆய்வுகளுள் ஒன்று. விளாடிமிர் கார்லி முதலானோர் 2014இல் வெளியிட்ட அதன் முடிவுகள் மாணவர்களை மூன்று குழுக்களாகப் பகுத்தன. குடி, புகை, போதைப்பொருள், பள்ளிக்கு வராமை முதலிய பழக்கங்கள் மிகுந்தோர் 13.2 விழுக்காட்டினர். இடர்ப்பழக்கங்கள் மிகக் குறைந்தோர் 57.8 விழுக்காட்டினர். எஞ்சிய 29 விழுக்காட்டினரிடம் குடியோ போதையோ காணப்படவில்லை. ஆனால் அவர்கள் குறைவாக உறங்கினர்; உடலசைவின்றி இருந்தனர்; பாடத்திற்குத் தொடர்பில்லாத திரைப் பயன்பாட்டில் நெடுநேரம் செலவிட்டனர்.

இம்மூன்றாம் குழுவை அவ்வாய்வாளர்கள் கண்ணுக்குப் புலப்படாத இடர்க் குழு என அழைத்தனர். முதற்குழுவில் 44 விழுக்காட்டினரிடம் தற்கொலை எண்ணம் காணப்பட, இக்குழுவில் அது 42.2 விழுக்காடாக இருந்தது. மனச்சோர்வு முதற்குழுவில் 14.7 விழுக்காடும் இக்குழுவில் 13.4 விழுக்காடும் ஆகும். எண்ணிக்கையில் இருமடங்கிற்கும் மேற்பட்ட ஒரு குழு, ஏறத்தாழ அதே அளவு துயரத்தைச் சுமந்துகொண்டு, யார் கவனத்திற்கும் வராமல் இருந்தது என்பதே இதன் பொருள்.

வகுப்பறை நடைமுறையோடு இதனைப் பொருத்திப் பார்க்கலாம். போதைப் பாக்கு வைத்திருந்த மாணவர் தலைமையாசிரியர் முன் நிறுத்தப்படுகிறார். பள்ளிக்கு வராதவரின் பெற்றோர் அழைக்கப்படுகின்றனர். கடைசி இருக்கையில் கண்கள் சிவக்க அமர்ந்து, கேட்ட வினாவிற்கு மட்டும் விடைகூறி, யாருக்கும் தொல்லை தராத மாணவரோ ‘அமைதியான பிள்ளை’ எனப் பெயர் பெறுகிறார். ஒழுங்குமீறலைத் தேடும் கண்ணுக்குத் துயரம் தென்படுவதில்லை.

6. உறக்கம்

அன்றாடப் பழக்கங்களுள் தற்கொலை இடரோடு வலுவான தொடர்பு காட்டுவது உறக்கம். 13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணிநேர உறக்கம் தேவை என அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. பருவமடையும் காலத்தில் உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் சுரப்பு இரவில் தாமதமாவதால், பின்னிரவில் உறங்கிக் காலையில் எழ இயலாமை உடலியல் இயல்பாகவே நேர்கிறது. இதனைச் சோம்பல் எனக் கடிவது பொருந்தாது.

அமெரிக்காவில் 15,659 மாணவர்களின் தரவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வொன்றில், பெற்றோர் நள்ளிரவு அல்லது அதற்குப் பிந்தைய நேரத்தை உறங்கும் நேரமாக வைத்திருந்த பிள்ளைகளிடம், பத்து மணி அல்லது அதற்கு முன் என வைத்திருந்தோரைவிட மனச்சோர்வு 24 விழுக்காடும் தற்கொலை எண்ணம் 20 விழுக்காடும் மிகுந்திருந்தன. தற்கொலையால் இறந்த 140 வளரிளம் பருவத்தினரைப் பிறருடன் ஒப்பிட்ட 2008ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வு, இறப்பிற்கு முந்தைய வாரத்தில் உறக்கச் சீர்குலைவு மிகுந்திருந்ததையும், மனச்சோர்வைக் கணக்கில் கொண்ட பின்னும் அத்தொடர்பு நீடித்ததையும் கண்டது. உறக்கமின்மை, உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியின் செயற்பாட்டைக் குறைக்கிறது. எளிதில் சினம் கொள்ளவும், சிக்கலுக்கு மாற்றுவழி காண இயலாமல் தவிக்கவும் அது இடந்தருகிறது. வீட்டினர் அனைவரும் உறங்கிவிட்ட பின் தனித்து விழித்திருக்கும் மணிநேரங்கள் அத்தவிப்பைப் பெருக்குகின்றன.

‘நேரத்தோடு உறங்கு’ என்னும் அறிவுரையின் எல்லையும் இங்கே தெரிகிறது. இரவுப் பணிக்குச் செல்லும் தந்தைக்கு உணவு கட்டவும், மாலைப் பணி முடித்து வருபவருக்குக் கதவு திறக்கவும் விளக்கெரியும் ஓரறை வீட்டில் ஒருவர் மட்டும் பத்து மணிக்கு உறங்குவது எளிதன்று. கோடைப் புழுக்கமும் கொசுவும் லாரிகளின் ஒலியும் உறக்கத்தைக் கலைக்கின்றன. ஒருமுறை நள்ளிரவில் வாயுக்கசிவிற்கு அஞ்சி ஓடியவர்க்கும், வெள்ளநீர் வாசலைத் தொடுவதைக் கண்டவர்க்கும் இரவு என்பதே விழிப்பின் நேரமாகிவிடுகிறது. இங்கு உறக்கம் குடியிருப்பு வசதியோடும் ஆலைப் பாதுகாப்போடும் பிணைந்த ஒன்று.

7. திறன்பேசி

2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழகப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறக்கப்பட்டன. இந்த ஓராண்டிற்கும் மேற்பட்ட காலத்தில், பாடத்தின் பெயரால் பல எளிய குடும்பங்களில் பிள்ளைகள் கைக்குத் திறன்பேசி வந்தது. பள்ளி திறந்த பின்னும் அது பிள்ளைகள் கையிலேயே தங்கியது.

திரை நேரத்திற்கும் தற்கொலைக்கும் உள்ள தொடர்பு குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2010க்குப் பின் அமெரிக்க வளரிளம் பருவத்தினரிடையே மனச்சோர்வும் தற்கொலைத் தொடர்பான விளைவுகளும் பெருகியதைத் திறன்பேசிப் பரவலோடு ஜீன் டுவெங்கி 2018இல் இணைத்தார். எமி ஆர்பனும் ஆண்ட்ரூ பிரசிபில்ஸ்கியும் 2019இல் பெருந்தரவுகளை ஆராய்ந்து, வளரிளம் பருவத்தினரின் நலத்தில் காணப்படும் வேறுபாட்டில் எண்மக் கருவிகளின் பயன்பாடு விளக்குவது 0.4 விழுக்காட்டிற்கும் குறைவே எனக் காட்டினர். 4,285 அமெரிக்கச் சிறாரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2025இல் வெளியான ஓர் ஆய்வு இவ்விவாதத்திற்குத் தெளிவு சேர்த்தது. மொத்தத் திரைநேரம் தற்கொலை எண்ணத்தோடும் செயலோடும் தொடர்பு காட்டவில்லை. விட இயலாமை, பிரிந்தால் பதற்றம், துன்பத்தை மறக்கத் திரையை நாடுதல் ஆகிய அடிமைத்தன்மை படிப்படியாக வளர்ந்தோரிடமே அத்தொடர்பு காணப்பட்டது. எத்தனை மணிநேரம் என்பதைவிட எதற்காக என்பதே கேட்கப்பட வேண்டிய வினா.

திறன்பேசியைப் பெற்றோர் பறித்ததால் மாணவர் உயிரிழந்தார் என்னும் வகையில் எழுதப்படும் செய்திகள் இவ்வினாவை மறைத்துவிடுகின்றன. வீட்டில் தனக்கென ஓர் இடமில்லாத ஒருவருக்குத் திறன்பேசியின் சிறு திரையே தனியறை. நண்பர்களும், பகிர்ந்துகொண்ட மறைவான உரையாடல்களும், சில வேளைகளில் மிரட்டலும் இழிவும் அதனுள் உள்ளன. அது பறிக்கப்படும்போது நேரும் கலக்கம் பொழுதுபோக்கை இழந்ததன் கலக்கம் மட்டுமன்று. நள்ளிரவுப் பயன்பாடு உறக்கத்தையும் குறைப்பதால் திறன்பேசியின் தாக்கத்தில் ஒரு பகுதி உறக்கத்தின் வழியாகவே நிகழ்கிறது என்பதையும் கருத வேண்டும்.

8. விளையாட்டும் உடலியக்கமும்

5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என உலக நல நிறுவனம் 2020இல் வலியுறுத்தியது. பள்ளியில் பிறரால் துன்புறுத்தப்பட்ட அமெரிக்க மாணவர்களைப் பற்றி 2015இல் வெளியான ஆய்வொன்று, வாரத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நாட்கள் உடற்பயிற்சி செய்தோரிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் 23 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டியது. விளையாட்டு உடலுக்குத் தருவதோடு ஒரு குழுவையும் தருகிறது. மாலையில் ஒருவர் வரவில்லையெனில் ‘ஏன் வரவில்லை’ எனக் கேட்க நால்வர் இருப்பதே துர்கைம் கூறிய சமூகப் பிணைப்பின் எளிய வடிவம்.

வடசென்னைக்குக் குத்துச்சண்டை, கால்பந்து, கேரம் ஆகியவற்றில் நெடிய மரபு உண்டு. ஆயினும் திறந்தவெளிகள் சரக்குப் பெட்டகக் கிடங்குகளாகவும் லாரி நிறுத்துமிடங்களாகவும் மாறிவருகின்றன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் உடற்கல்விப் பாடவேளை பிற பாடங்களுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. பருவமடைந்த பெண்பிள்ளைகளுக்குத் தெருவிளையாட்டு பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடுகிறது. தண்ணீர்க் குடம் சுமப்பதும் பகுதிநேரக் கூலிக்குச் செல்வதும் உடலுழைப்பே எனினும், அவை விளையாட்டின் விடுதலையைத் தருவதில்லை.

9. உணவும் போதைப்பொருளும்

காலை உணவைத் தவிர்ப்பதற்கும் தற்கொலை எண்ணத்திற்கும் உள்ள தொடர்பைத் தென்கொரிய மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் சுட்டியுள்ளன. உணவே நேரடியாக எண்ணத்தை மாற்றுகிறது எனக் கொள்வதைவிட, ஒழுங்கற்ற உறக்கம், வீட்டின் வறுமை, கவனிக்க ஆளில்லாமை ஆகியவற்றின் அடையாளமாக அதனைக் கொள்வது பொருத்தம். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரையிலானது. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை வழங்கப்படுகிறது. தேர்வு நெருக்கடி உச்சம் பெறும் மேல்நிலை வகுப்புகளில் இவ்விரு ஆதரவும் இல்லை.

குடியும் போதையும் தற்கொலை இடரை உயர்த்துவது ஐயத்திற்கிடமற்றது. போதை, தயக்கத்தைத் தளர்த்தி நொடிப்பொழுது முடிவை எளிதாக்குகிறது. புகையிலை கலந்த பாக்கு வகைகள் தமிழகத்தில் 2013 முதல் தடைசெய்யப்பட்டுள்ள போதிலும், அவை பள்ளி மாணவர் கைக்கு எட்டுவது நீடிக்கிறது. மாணவரின் குடியைவிடத் தந்தையின் குடி பல வீடுகளில் பெரிய சிக்கல். இரவுச் சண்டை, சிதறும் கூலி, தாய் மீதான வன்முறை ஆகியவை பிள்ளையின் உறக்கத்தையும் உணவையும் படிப்பையும் ஒருங்கே குலைக்கின்றன. ஒருவரின் பழக்கம் இன்னொருவரின் இடராக மாறும் நிலை இது.

10. தொடர்பின் திசை

மேற்கண்ட ஆய்வுகளில் பல ஒரே காலத்தில் எடுக்கப்பட்ட தரவுகளைக் கொண்டவை. உறங்காததால் மனம் சோர்ந்ததா, மனம் சோர்ந்ததால் உறக்கம் கெட்டதா என்பதை அவற்றால் மட்டும் முடிவுசெய்ய இயலாது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம்; ஒன்றையொன்று பெருக்கும் சுழலாகவும் அமையலாம். வறுமை, வன்முறை, சாதி இழிவு, பாலியல் துன்புறுத்தல் ஆகியவை பழக்கம், துயரம் என்னும் இரண்டையும் ஒருசேர உருவாக்கவும் கூடும்.

இத்தெளிவின்மை ஆராய்ச்சிக்குக் குறையாயினும் தடுப்புப் பணிக்குத் தடையன்று. காரணமாயின், பழக்கத்தைச் சீராக்குவது பயன்தரும். விளைவாயின், பழக்கத்தின் மாற்றம் துயரத்தைக் காட்டிக்கொடுக்கும். நன்றாக விளையாடிய ஒருவர் திடீரென மைதானத்திற்கு வராமலிருப்பதும், சேர்ந்து உண்டவர் தனித்து ஒதுங்குவதும், வகுப்பில் நாள்தோறும் உறங்குவதும் அவ்வகையில் பொருள் மிகுந்தவை. எந்நிலையிலும் பழக்கத்தைப் பழிப்பதால் மட்டும் பயனில்லை. ஏற்கனவே தன்னைப் பயனற்றவராக எண்ணும் ஒருவருக்குக் கண்டிப்பு, அவ்வெண்ணத்திற்குச் சான்றாகிவிடும்.

11. தடுப்பிற்கான வழிகள்

பள்ளிவழித் தடுப்பில் எது பயன்தருகிறது என்பதற்குச் சோதனைவழிச் சான்றுகள் உள்ளன. பத்து ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகளின் 11,110 மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான சோதனையில் மூன்று முறைகள் ஒப்பிடப்பட்டன. ஆசிரியருக்கு மட்டும் பயிற்சி அளித்ததும், மாணவர்களைப் பரிசோதித்து வல்லுநரிடம் அனுப்பியதும் குறிப்பிடத்தக்க மாற்றத்தைத் தரவில்லை. ஓராண்டிற்குப் பின் ஒப்பீட்டுக் குழுவில் தற்கொலை முயற்சி 1.51 விழுக்காடாக இருக்க, மாணவர்களே தம் நெருக்கடிகளை நடித்தும் பேசியும் பகிர்ந்துகொண்ட மூன்றாம் முறையில் அது 0.70 விழுக்காடாகக் குறைந்து காணப்பட்டது.

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான சேகர் சோதனையும் ஒத்த பாடத்தைத் தருகிறது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் செயல்பட்ட பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும் துன்புறுத்தலும் குறைந்தன. அதே பணி ஆசிரியரிடம் கூடுதலாக ஒப்படைக்கப்பட்ட பள்ளிகளில் பயன் விளையவில்லை. ஆசிரியரின் கவனம் தேவை. ஆனால் அக்கவனத்தைப் பெற்றுத் தொடர்ந்து செயலாற்றத் தனிப்பணியாளர் ஒருவர் பள்ளியில் இருந்தால்தான் அது பயன்தரும்.

தற்கொலை பற்றிக் கேட்டால் அவ்வெண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்னும் அச்சம் ஆசிரியர்களிடம் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 2,342 மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான சோதனை, கேட்பதால் துயரமோ தற்கொலை எண்ணமோ பெருகவில்லை என நிறுவியது. ‘இரவில் தூக்கம் வருகிறதா?’ என்பது எவரும் கூசாமல் கேட்கத்தக்க வினா. அதற்கு விடையளிப்பதும் எளிது. கடினமான வினாவிற்குச் செல்லும் வழியாக அதனைக் கொள்ளலாம்.

கொள்கை அளவிலும் மாற்றம் இயலும் என்பதற்குத் தமிழகமே சான்று. பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடம் பெற்றோரை அறிவிக்கும் முறை 2017இல் கைவிடப்பட்டது. தோல்வியுற்றோர் ஓராண்டு காத்திராமல் உடனடித் துணைத்தேர்வு எழுதலாம். மனநலச் சட்டம் 2017, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவராகவே முதற்கண் கருதவேண்டும் என்கிறது. தற்கொலை இறப்புகளை 2030க்குள் 10 விழுக்காடு குறைப்பது 2022 நவம்பரில் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தியின் இலக்கு. 1986 முதல் சென்னையில் செயல்படும் சிநேகா அமைப்பும் (044-24640050), 14416 என்னும் எண்ணில் இயங்கும் தொலைபேசி மனநலச் சேவையும், மாநில அரசின் 104 சேவையும் உடனடி உதவிக்குரியவை. இவ்வெண்கள் சுவரொட்டியில் இருப்பதோடு அமையாமல், தனித்துப் பேச ஓரிடமும் கையில் ஒரு தொலைபேசியும் இல்லாத மாணவருக்குப் பள்ளியே அவ்வசதியைத் தரவேண்டும்.

12. தொகுப்புரை

உறக்கக் குறைவு, உடலியக்கமின்மை, அடிமைத்தன்மையுள்ள திறன்பேசிப் பயன்பாடு, ஒழுங்கற்ற உணவு, போதைப்பொருள் ஆகியவை வளரிளம் பருவத்தினரின் தற்கொலை இடரோடு தொடர்புடையவை. அவற்றுள் முதல் மூன்றும் ஒழுங்குமீறலாகத் தோன்றாமையால் கவனத்திற்குத் தப்புகின்றன. பெண்களின் இடர் மிகுந்திருந்த தமிழகத்தில், வீட்டிற்குள் அடங்கி அமைதியாக இருப்பது நற்பண்பாகப் போற்றப்படுவதால் அவர்களின் துயரம் மேலும் மறைந்துபோகிறது.

சடையங்குப்பம் போன்ற ஊர்களில் இப்பழக்கங்கள் தனிமனிதர் விரும்பித் தேர்ந்தவை அல்ல. இடமில்லாத வீடும், இரவுப்பணியும், வெள்ளமும், ஆலை அச்சமும், மைதானமின்மையும் அவற்றின் வேர்கள். வடிகாலும் விளையாட்டிடமும், ஆலைகளின் பாதுகாப்பும், மாலை நேரத்தில் திறந்திருக்கும் படிப்பகமும் தற்கொலைத் தடுப்புத் திட்டத்தின் உறுப்புகளாகக் கருதப்பட வேண்டும். அவை கைகூடும் வரை, வகுப்பில் உறங்கும் மாணவரை எழுப்பி நிறுத்துவதற்கு முன் அவர் இரவில் ஏன் உறங்கவில்லை எனக் கேட்பது எந்தப் பள்ளியிலும் நாளையே தொடங்கத்தக்கது.